ராகேலின் ஈர்ச்ச மில்

ஒக்கிப் புயல் கடந்துபோன மறுநாள் ராகேல் தன் ரப்பர் தோட்டத்துக்குள் போக வழியில்லாமல் வேலியோரம் நின்று பார்த்தாள். அருமனைக்குப் பக்கத்தில், அவளுடைய அப்பா அவள் பங்குக்கு எழுதிக் கொடுத்த ஒன்றரை ஏக்கர். மரங்களில் முக்கால்வாசி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. சில நடுவில் முறிந்திருந்தன, சில வேரோடு வந்திருந்தன. முறிந்த இடங்களில் பால் வடிந்து உறைந்திருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து அந்த மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் அவளேதான். கணவர் ஜான்ரோஸ் மஸ்கட்டில், பெரிய கட்டடங்களுக்கு ஏசி பொருத்தும் கம்பெனியில் போர்மேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மகள் ஜினிஷா நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

தடி என்றால் வெட்டிய அடிமரம்; விழுந்த ரப்பர் தடி காத்திருக்காது. வெட்டுவாயில் முதலில் நீலம் பாயும், பிறகு கறுக்கும், அதற்குள் வண்டு துளைத்து மாவு கொட்டத் தொடங்கிவிடும். சீக்கிரம் அறுத்துப் பலகையாக்கி மருந்தில் முக்கினால்தான் காசு. ராகேல் களியலிலும் குலசேகரத்திலும் இருந்த மர வியாபாரிகள் எல்லோரையும் போய்ப் பார்த்தாள். எல்லா மில் முற்றத்திலும் தடி மலைபோலக் குவிந்து கிடந்தது.

"எல்லாவனுக்கும் தோட்டம் விழுந்து கெடக்கு. நீங்க சும்மா தந்தாலும் எனக்குப் போட எடமில்ல, கேட்டியளா," என்றார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் விறகாகப் போனது. மிச்சம் கிடந்த இடத்திலேயே மட்கியது. காளான் முளைத்த தடிகளை ஓரமாக உருட்டிவிட்டுத்தான் அடுத்த மழைக்கு அவள் புதுக்கன்று வைத்தாள். கன்று வளர்ந்து பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இடையில் அன்னாசி போட்டாள்.

அந்த வருஷங்களில்தான் அவளுக்கு மில் எண்ணம் வந்தது. அக்கம்பக்கத்தில் பழைய தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்கிறவர்கள் எல்லோரும் வியாபாரி சொல்லும் விலைக்குத் தடியை ஏற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் நின்ற ஒற்றைப் பலா மரத்தை வெட்டினால்கூட, கதவுக்கும் கட்டிலுக்கும் பலகை அறுக்க மார்த்தாண்டம்வரை லாரி பிடிக்க வேண்டியிருந்தது. "மரம் நம்மகிட்ட நிக்கி, வாளு மட்டும் வேற எவன்கிட்டயோ இருக்கு. எனக்கு அதாக்கும் பொறுக்கல," என்று அவள் பின்னாளில் சொல்வாள்.

ஈர்ச்ச மில் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஈர்வது என்றால் அறுப்பது. அனுமதிக்காக அவள் ஏறி இறங்கிய அலுவலகங்களையும் அங்கே குடித்த டீயையும் விட்டுவிடலாம். அனுமதி கிடைத்த பிறகு, புது மில் வாங்க வழியில்லை என்பதும் தெரிந்துபோயிற்று. பழையது ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொன்னவர் இசக்கி. குலசேகரத்து மில்களில் ரொம்ப காலம் அறுப்பு வேலை பார்த்தவர். இரண்டு பேரும் பஸ் ஏறி எல்லை தாண்டி, கேரளத்தில் இருக்கும் வெள்ளறடைக்குப் போனார்கள்.

மில்லுக்காரன் ஷிபுவுக்கு ராகேல் வயதுதான் இருக்கும். பக்கத்து ரோட்டில் பேண்ட் சா மில் வந்துவிட்டது. நாடா மாதிரி ஓடுகிற அந்த மெல்லிய வாளில் மரம் அதிகம் தூளாகாது என்பதால் ஆட்கள் அங்கே போய்விட்டார்கள். ஷிபுவின் மில் வட்ட வாள் மில். இடுப்பு உயரத்துக்கு மேல் விட்டமுள்ள இரும்பு வட்டு, ஓரமெல்லாம் பல். வட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம். தண்டவாளத்தின்மேல், தடியைப் பிடித்து வைத்துத் தள்ளுகிற டிராலி. வட்டில் லேசாகத் துரு ஏறியிருந்தது.

"ஓட்டிக் காணிக்காம நான் எடுக்க மாட்டேன்," என்றாள் ராகேல்.

"அது செரியாக்கும் சேச்சி. கண்டுட்டு எடுத்தா போதும்," என்றான் ஷிபு. டீசல் எஞ்சினை முறுக்கி விட்டான். முற்றத்தில் கிடந்த, காட்டுப்பலா வகையான ஓர் அயனித் தடியை ஏற்றினார்கள். இசக்கி தள்ள, வாள் தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறுமிக்கொண்டு தடிக்குள் இறங்கியது. மஞ்சள் நிறத்தில் பலகை பிரிந்து விழுந்தது. ஜான்ரோஸுக்குக் காட்டுவதற்காக ராகேல் அதைப் போனில் பிடித்தாள். பிறகு பலகையை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பு நெடுகப் பார்த்தாள். வளைவு இல்லை. இசக்கி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

எஞ்சினை மட்டும் ஷிபு கொடுக்கவில்லை. அது வேறு ஒருவருக்குப் பேசி முடித்தது. "கரண்டு மோட்டார் ஒண்ணு வச்சா நல்ல சுகமா ஓடும்," என்றான்.

அன்று ஜான்ரோஸ் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மாடி எடுக்க வைத்திருந்த பணத்தில் இவள் வாள் வாங்குவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"ஏட்டி, உனக்கு வட்டா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? பொம்பள நடத்துகிற சோலியா அது?"

"எந்த சோலியும் ஆம்பள பேரு எழுதி வரல்ல."

"வெள்ளறடக்காரன் வேண்டாம்னு தள்ளினத நீ எடுத்து வைக்க. நான் வந்து பாக்கேன்."

"பின்ன வாங்க. வந்து பாருங்க," என்று அவள் போனை வைத்தாள். அவர் வரவில்லை. அந்த வருஷம் லீவும் கிடைக்கவில்லை.

மில்லைக் கழற்றுவது எளிதாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் இசக்கி வெள்ளைப் பெயிண்டில் அடையாளம் போட்டார். வாளைச் சாக்கில் சுற்றி வைக்கோல் மேல் கிடத்தி லாரியில் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் பாதையோரம் இருந்த பாறைத் தரையில் கான்கிரீட் போட்டு, தகரக் கொட்டகை எழுப்பி, மறுபடியும் பூட்டினார்கள். கரண்டு மோட்டாரை விற்ற கம்பெனி ஆட்களே வந்து வைத்துக் கொடுத்தார்கள். தண்டவாளம் போடுவதற்கு மட்டும் நீண்ட நேரம் பிடித்தது. வாளின் பின்பக்கம் மரத்தில் உரசாமல் இருக்க வேண்டுமென்றால், தண்டவாளத்தை நூலளவு சாய்த்துப் போட வேண்டும். இசக்கி கயிறு கட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி கட்டுவார். ராகேல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் குந்தியிருப்பாள்.

சபைப் போதகர் வந்து ஜெபித்துக் கொடுத்த பிறகு மோட்டாரைப் போட்டார்கள். வாள் சுற்றி எழுந்தபோது கூடியிருந்தவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். முதல் தடியை ஏற்றி இசக்கி தள்ளினார். பாதிவரை சரியாகப் போயிற்று. அதன்பின் வாள் மரத்துக்குள்ளே ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. கருகும் வாடை வந்தது. விழுந்த பலகையின் ஒரு முனை இரண்டு விரல் கனம், மறுமுனை கிழங்கு வற்றல்போல மெலிந்திருந்தது. யாரோ சிரித்தார்கள். ராகேல் அந்தப் பலகையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, "அடுத்தத ஏத்துங்க அண்ணே," என்றாள். அடுத்ததும் அப்படித்தான் வந்தது.

அன்றிலிருந்து அவர்கள் செய்யாதது இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள். பேரிங் மாற்றினார்கள். பல்லை எல்லாம் அரம் போட்டுத் தீட்டினார்கள். தடி பிடிக்கிற கொக்கியை மாற்றினார்கள். சும்மா சுற்றும்போது வாளில் ஒரு குறையும் தெரியாது. மரத்தைத் தொட்டால் தடுமாறும், நடுவில் சூடேறும். கடைசியில் இசக்கியே சோர்ந்துபோனார்.

"வாளு செத்துப் போச்சு தங்கச்சி. புதுசு வாங்கணும்."

"அங்க நல்லா அறுத்துதே?"

"அறுத்துது. அதாக்கும் எனக்கும் புரியல்ல."

ஷிபு ஏமாற்றிவிட்டான் என்றுதான் ராகேல் நினைத்தாள். போனில் அவனைத் திட்டியும் பார்த்தாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சேச்சி, நீங்க கண்ணால கண்டு எடுத்த சாதனம். நான் ஒரு ஆணிகூட மாத்தித் தரல்ல," என்றான். அவன் குரலைக் கேட்டபோது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு கோபப்படுவானா என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "மில்லு ஓடுதா?" என்று யாராவது கேட்பார்கள். ஓடவில்லை என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். அவள் "ஓடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாள்.

ஜான்ரோஸிடம் அவள் இதையெல்லாம் மறைத்துவைத்திருந்தாள். தெரிந்தால் என்ன சொல்வார் என்பது தெரியும். ஆனாலும் ஒரு மத்தியானம், கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, வாள் தடுமாறுவதைப் போனில் பிடித்து அவருக்கு அனுப்பினாள். சண்டை போடுவதற்காவது ஓர் ஆள் வேண்டியிருந்தது என்று அதைப் பற்றிச் சொல்வாள். மஸ்கட்டில் சாப்பாட்டு நேரம். உடனே கூப்பிட்டார். அவள் எதிர்பார்த்த பேச்சை அவர் பேசவில்லை.

"நீ முன்ன அனுப்பினியே, வெள்ளறடையில பிடிச்ச வீடியோ, அத இப்பம் ஒருக்க போட்டுக் கேளு. பெறவு இதக் கேளு."

"கேட்டா?"

"கேட்டியா, ரெண்டும் வேற சத்தமாக்கும். அங்க உறுமுது. இங்க கூவுது. உனக்க மோட்டாரு அத வெரட்டுகு."

ராகேல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள். அவர் சொன்னது சரிதான். பெரிய பெரிய காற்றாடிகளுக்கு பெல்ட்டும் புல்லியும் மாட்டியே வயதைக் கழித்தவர் ஜான்ரோஸ். புல்லி என்பது பெல்ட் ஓடுகிற சக்கரம். மோட்டாரில் இருக்கும் புல்லியின் அளவைக் குறைத்தால் வாள் மெதுவாகச் சுற்றும் என்றார். வாள் ஏன் தடுமாறுகிறது என்பது அவருக்கும் தெரியாது. வேகம் மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அந்தத் தெரியாத பாதியை இசக்கி சொன்னார். வட்ட வாளைத் தட்டிப் பதப்படுத்தும்போதே அது என்ன வேகத்தில் சுற்றப் போகிறது என்று பார்த்துத்தான் தட்டுவார்கள். அதற்கு மேல் சுற்றினால் விளிம்பு தளர்ந்து ஆடும். "இத நான் மறந்து போனேன் பாத்தியா," என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வேலை பார்த்த மில்களில் யாரும் எஞ்சினையோ மோட்டாரையோ மாற்றியதில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் சின்னப் புல்லி கடைந்து வாங்கினாள். அதை மாட்டி ஓடவிட்டபோது ஜான்ரோஸ் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும் என்றார். மறுபடி கடைந்தாள். இரண்டாவது புல்லியில் வாள் உறுமியது. ஒரு பலாத் தடியை ஏற்றி இசக்கி தள்ளினார். பலகை நேராக வந்தது. ராகேல் போனை வாளுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்திருந்தாள். சத்தம் நின்ற பிறகு காதில் வைத்தால் லைன் அறுந்திருந்தது.

அதன்பிறகு வேலை வந்தது. ரப்பர் தடியைப் பெட்டிப் பலகைக்கு அறுத்துக் கொடுத்தார்கள். வீட்டு மரம் வெட்டினவர்கள் அயனியும் மகாகனியும் கொண்டுவந்தார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாண வீட்டுக் கட்டிலுக்குத் தேக்கு கொண்டுவந்து, அறுத்து முடியும்வரை கூடவே நின்று, மரத்தூளையும் சாக்கில் கட்டி எடுத்துப் போயிற்று. பலகை இழுப்பது, அடுக்குவது, கணக்குப் பேசுவது எல்லாம் ராகேல். வாள்பக்கம் இசக்கி.

விபத்து நடந்தது ஒரு ரப்பர் தடியில். பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்குவதற்காக மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டியிருப்பார்கள். மரம் பெருக்கும்போது கம்பி உள்ளே புதைந்து, மேலே பட்டை மூடிவிடும். தோட்டக்காரர் எல்லாக் கம்பியும் எடுத்தாயிற்று என்று சொல்லித்தான் இறக்கினார். அவருக்கும் தெரிந்திருக்காது. வாள் கம்பியில் பட்டதும் வெடிபோல ஒரு சத்தம் கேட்டது. ஒடிந்த பல் ஒன்று இசக்கியின் தோளில் ஏறியது. அவர் விழவில்லை. டிராலியைப் பின்னுக்கு இழுத்து வாளிலிருந்து தடியை விலக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ராகேல் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். வாள் முழுதாக நிற்க நேரமாயிற்று. அதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ராகேல் தன் துப்பட்டாவை அவர் தோளில் அழுத்திப் பிடித்திருந்தாள். இரும்பை எடுத்துத் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கை மட்டும் அதன்பிறகு காதுக்கு மேலே எழவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் அவர் வீட்டில் இருந்த நாட்களின் கூலியையும் ராகேல் கொடுத்தாள். பார்க்கப் போனபோது இசக்கியின் மனைவி சபிதா வாசலுக்கு வந்து அவளைத் தனியாக நிறுத்தினாள்.

"நான் உங்ககிட்ட சண்ட போட வரல்ல. அவரு திரும்ப வருவேன்னு நிப்பாரு. நீங்க அந்த வாளுகிட்ட மட்டும் விடாதீங்க."

"விட மாட்டேன்," என்றாள் ராகேல்.

கொட்டகை பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாமா என்று அவள் நினைத்ததுண்டு. வாங்க ஆளும் வந்தது. தினமும் சாயங்காலம் அன்னாசிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அந்தப் பக்கமாகவே போய்வந்தாள், ஆனால் கதவைத் திறக்கவில்லை. மழை பெய்து மரத்தூள் குவியலில் புல் முளைத்தது. அப்போது ஜான்ரோஸ் லீவில் வந்தார். வழக்கமாக அவர் பெட்டியில் போர்வையும் சென்டும் பால் பவுடரும் இருக்கும். இந்தத் தடவை ஒரு நீளமான கறுப்புக் கருவியும் இருந்தது. இரும்பு இருந்தால் பீப் அடிக்கிற கருவி. ஏர்போர்ட்டில் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டார்களாம்.

"தடியில இத வச்சுப் பாத்துட்டு ஏத்து. பெறவு வாளுக்கு முன்னால ஒரு கம்பிவலை அடிச்சுக்கிடணும்," என்றார்.

"மில்லு தொறக்க நான் தீர்மானிக்கல்ல."

"அப்பம் இத நான் எதுக்கு சொமந்துட்டு வந்தேன்?"

இரண்டு பேரும் அன்றைக்கே போய்க் கதவைத் திறந்தார்கள். கம்பிவலை அடித்தார்கள். பல் ஒடிந்த வாளைச் சரிசெய்ய ஷிபுவே வெள்ளறடையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான்; பழைய திட்டை அவன் நினைவில் வைத்திருந்தானா என்று தெரியவில்லை, சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். வாள்பக்கம் யார் நிற்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. ஜான்ரோஸ் தான் நிற்பதாகச் சொன்னார். அவர் தள்ளிய முதல் தடியில் வாள் முனகி நின்றுவிட்டது. அவர் கைக்கு அவசரம் அதிகம். ராகேலோ ஒரு வருஷத்துக்கும் மேலாக எதிர்ப்பக்கம் நின்று பலகை இழுத்தவள்; எந்த மரம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்று அவளுடைய கைக்குத் தெரிந்திருந்தது. அவள் சுடிதார் ஷாலை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு, டிராலிக்குப் பின்னால் போய் நின்றாள். தள்ளும்போது பயமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்வாள். இப்போதும் அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை.

லீவு முடியுமுன் மஸ்கட் கம்பெனி, இனி வர வேண்டாம் என்று ஜான்ரோஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. சில வாரங்கள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கடைத்தெருவில் "மில்லுக்காரிக்க மாப்பிள" என்று யாரோ அடையாளம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. ராகேல் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் பெல்ட் அறுந்து மில் நின்றது. சத்தம் நின்றதைக் கேட்டு அவராகவே எழுந்து வந்தார். அதன்பிறகு பெல்ட், பேரிங், அரம் போடுவது எல்லாம் அவர் பாடு. இசக்கியும் திரும்பி வந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு தடியையும் கருவி வைத்துத் தடவிப் பார்க்கிறார். பீப் அடித்த இடத்தில் உளி வைத்துக் கம்பியைத் தோண்டி எடுத்து ஒரு டின்னில் போடுகிறார். வாளுக்குப் பக்கத்தில் அவரை ராகேல் விடுவதில்லை. கை நன்றாக இருந்தாலும் தான் போயிருக்க மாட்டேன் என்கிறார் அவர்.

மில் பெரிய லாபம் தருகிறது என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும். மாடி இன்னும் எழும்பவில்லை. ஜினிஷா படிப்பு முடிந்து குவைத்தில் இருக்கிறாள். போனில் பேசும்போது பின்னால் வாள் ஓடினால் தன் அம்மா சொல்வது ஒன்றும் கேட்பதில்லை என்று புகார் சொல்வாள்.

இப்போது வீட்டில் நடக்கிற பேச்சு வேறு. வட்ட வாள் மரத்தைத் தூளாக்கித் தின்கிறது என்று ஜான்ரோஸ் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நல்ல மரம் கொண்டுவருகிறவர்கள் பேண்ட் சாவைத்தான் தேடிப் போகிறார்கள் என்பது உண்மைதான். பழைய பேண்ட் சா ஒன்று பெரும்பாவூரில் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

"ஓட விட்டுப் பாத்தியளா?" என்று கேட்டாள் ராகேல்.

"பாத்தேன். நல்லா ஓடுகு."

"என்ன மோட்டாரு?"

அவர் அதைக் கவனிக்காமல் வந்துவிட்டார். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருக்கிறார்கள். எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. ராகேல் தன் வாளை நகர்த்தச் சம்மதிக்கவில்லை. ஜான்ரோஸ் கொட்டகைக்குப் பின்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்து பார்க்கிறார். இரண்டு அன்னாசி வரிசையை எடுக்க வேண்டியிருக்கும்.